இருபத்துமூன்று சென்டிமீட்டர்

"நாலு மீட்டர் லேஸா? பட்டப்பகல் கொள்ளை!"

கணக்குப் பேராசிரியர் பில்லைத் தூக்கிக் காட்ட, தையல் கடை முதலாளி கல்லாவை விட்டு ஓடிவந்தார். கல்லூரிப் பட்டமளிப்புக்கு முந்நூறு அங்கி தைக்கும் ஆர்டர், இந்த மனுஷர் போடப்போகும் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் வீட்டு வட்ட மேசைக்கு விரிப்புத் தைத்து, ஓரம் முழுக்க லேஸ் வைத்த தையல்காரப் பெண் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றாள்.

"வட்டத்துக்கு லேஸ் வெட்டுறியே, பைன்னா என்னன்னு தெரியுமாம்மா?"

"இருபத்திரண்டின் கீழ் ஏழு, அதானே சார்?" சமாதானம் செய்வதாக நினைத்து முதலாளி வாயைக் கொடுத்தார்.

"அது தோராயம்யா! பை முடிவே இல்லாத எண்!" பேராசிரியர் பின்னால் நின்ற ஆராய்ச்சி மாணவர்கள் இருவர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க!"

"மூணு புள்ளி ஒண்ணு நாலு ஒண்ணு அஞ்சு ஒன்பது..." இருவரும் கோரஸாக ஆரம்பித்தார்கள். நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என் மேசைக்கு மூணு மீட்டர் எழுபத்தேழு சென்டிமீட்டர் போதும். மிச்சம் இருபத்துமூணு எங்கே?"

"துவைச்சா லேஸ் சுருங்கும் சார், அதான்..."

"கணக்கு சுருங்காதும்மா! இப்படித் தைக்கிறவங்க இருக்கிற கடைக்கு எங்க அங்கியை எப்படிக் கொடுக்கிறது?"

"எனக்கு அவ்வளவு கணக்கு வராதுங்க சார். தப்புதான்."

பேராசிரியர் மாணவர்கள் புடைசூழ, போரில் ஜெயித்தவர் போல் வெளியேறினார்.

முதலாளிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "நாளையிலிருந்து நீ வர வேண்டாம்! ஒரு சாண் லேஸ்ல என் பிழைப்பையே கெடுத்துட்டியே!"

ஆணியில் குத்தியிருந்த பேராசிரியரின் அளவுச் சீட்டை வெடுக்கென்று உருவினார்.

"அதைக் கிழிச்சுப் போட்டுடுங்கண்ணே," என்றாள் அவசர அவசரமாக.

அவள் பதறியதால்தான் அவர் அதைப் பிரித்தே பார்த்தார். பேராசிரியரின் முத்து முத்தான கையெழுத்து: 'மேசையின் அகலம் 60 செ.மீ.'

"அறுபதா? அது ஸ்டூலு அளவும்மா!"

"நடுவிலேர்ந்து ஓரம் வரைக்கும் அளந்து எழுதிட்டார் போலண்ணே. கணக்குக்காரங்க பழக்கம். எனக்குச் சந்தேகம் வந்து, சாப்பாட்டு நேரத்துல அவர் வீட்டுக்கே போய் டேப் வச்சுப் பார்த்தேன். நூத்தி இருபது."

"அடிப்பாவி, இதை அப்பவே அவர் முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே! ஏன் வாயை மூடிட்டு நின்னே?"

"அவரை நம்பிப் படிக்கிற பிள்ளைங்க ரெண்டு பேர் பக்கத்துல நின்னாங்களேண்ணே!"