திறக்காத வளைகள்

முப்பத்தெட்டு எலி வளைகளில் ஒன்றுகூடத் திறந்திருக்கவில்லை.

தமிழ்நிலா வரப்பில் குந்தி மறுபடியும் எண்ணினாள். நேற்று மாலை அவள் சேறு வைத்து அடைத்த வாய்களெல்லாம் அப்படியே இருந்தன. உள்ளே எலி உயிரோடு இருந்தால், விடிவதற்குள் சேற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கும். போன வாரம் பத்தொன்பது திறந்தன. அதற்கு முந்தின வாரம் இருபத்திரண்டு.

நியாயமாக அவள் துள்ளிக் குதித்திருக்க வேண்டும்.

விலங்கியல் முதுகலையில் சேர்ந்தபோது, ஏதாவது ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தால் போதும் என்றுதான் இருந்தாள். களப்பணிக்காகப் பூதலூர் பக்கம் அப்பாவின் ஐந்து மா வயலில் ஆந்தை உட்காரக் கம்பு நட்டு, மோட்டார் கொட்டகை மேல் பெட்டி கட்டினாள். ஒரு ஜோடி ஆந்தை குடிவந்து நாலு குஞ்சு பொரித்ததும் பெண்ணுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆந்தை கக்கிப் போடும் உருண்டைகளைப் பிரித்து எலி மண்டையோடு எண்ணுவதற்கென்றே தான் பிறந்ததாக நினைத்தாள். படிக்க வைத்தால் ஆந்தை கக்கினதைப் பொறுக்குகிறாளே என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும்.

மருந்தே வைக்காத வயலில் ஆந்தையால் மட்டும் எலி குறைகிறது என்று காட்டிவிட்டால், ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். அதை வீட்டில் ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லி எல்லோர் காதையும் புளிக்க வைத்திருந்தாள்.

ஆனால் குறைவது வேறு, ஒரே வாரத்தில் பூண்டற்றுப் போவது வேறு. 

கம்புக்கு அடியில் ஓர் உருண்டைதான் கிடந்தது. குச்சியால் பிரித்தாள். மயிர், ஒரு தாடையெலும்பு, நடுவில் நீலமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் விற்கும் எலிமருந்து கேக்கின் நீலம். அதைத் தின்ற எலி உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் தள்ளாடித் திரியும், வயிற்று விஷத்தோடு ஆந்தைக்கு எளிதாகச் சிக்கும்.

பக்கத்து வயல்காரரைத்தான் அவள் மனம் முதலில் சபித்தது.

அப்பா ரெத்தினம் வரப்போடு வந்து அவள் நோட்டை எட்டிப் பார்த்தார். பூஜ்யத்தைக் கண்டதும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. நோட்டின் மேல் வைத்த அவர் விரலின் நகக்கண்ணில் நீலம் இருந்தது.

“எலி ஒழிஞ்சாதான் ஒனக்கு அங்க எடம்னியே பாப்பா. ஒன் ஆந்தைக்கு நானும் ஒரு கை ஒத்தாசை பண்ணேன், அவ்வளவுதான்.”

தமிழ்நிலா நோட்டை அப்படியே வரப்பில் போட்டாள். மோட்டார் கொட்டகைக்கு ஓடினாள்.

ஏணியின் முதல் படியில் கால் வைத்தாலே பெட்டிக்குள் நாலு குஞ்சும் சேர்ந்து குக்கர் மாதிரிச் சீறும்.

நாலாவது படி ஏறிவிட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

மகள் விழுந்துவிடக் கூடாதே என்று, கீழே அப்பா ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.