மேலாளரின் கண்ணீர்

மகளின் முதல் ஓட்டப்பந்தயத்தைப் பார்க்க நாளை விடுப்பு வேண்டும். ஆனால் மேலாளரிடம் விடுப்பு வாங்குவது கல்லில் நார் உரிக்கும் வேலை என்று, சேர்ந்து பத்தே நாளான தட்டச்சர் கேள்விப்பட்டிருந்தாள்.

"பதினொரு மணிக்குப் போம்மா. ஐயா நாவல் படிக்கிற நேரம்," என்றார் அட்டெண்டர்.

போனாள். மேலாளர் கைக்குட்டையும் கையுமாக இருந்தார். எதிரே, அடிமை வியாபாரத்தைப் பற்றிய தடிமனான சரித்திர நாவல்.

"சந்தையில தாயையும் மகளையும் தனித்தனியா வித்துட்டாங்கம்மா, பாவிங்க. என்னை மாதிரி வாசகனுக்கு ஒரு தடவை படிச்சாப் போதும், வரிக்கு வரி மனசுல நின்னுடும். சரி, உனக்கு என்ன வேணும்?"

"நாளைக்கு என் பொண்ணு ரேஸ்ல ஓடுறா சார். நான் பக்கத்துல இருந்தா..."

"போயிட்டு வாம்மா. தாயையும் மகளையும் பிரிக்க நான் யாரு?"

கையெழுத்து விழுந்தது. துள்ளாத குறையாக வெளியே வந்தாள்.

"நல்ல வேளைண்ணே, இன்னிக்குன்னு பார்த்து அந்த இடத்தைப் படிச்சிட்டிருந்தார். நேத்து கேட்டிருந்தா கிடைச்சிருக்காது."

"நேத்தும் அதே இடம்தாம்மா," என்றார் அட்டெண்டர். "அவர் வீட்டுக்குக் கிளம்பினதும், படிச்ச பக்கத்துல வெச்ச அட்டையை எடுத்து பழைய பக்கத்துலயே சொருகிடுவேன். நாலு மாசமாச்சு. தினமும் புதுசாத்தான் அழறார்."