கைராசிக்காரி

"இந்தக் கம்ப்யூட்டரை முதல்ல ஏதாவது மியூசியத்துக்குக் கொடுங்க" என்றார் கன்னம் வீங்கிய பேங்க் ஆபீசர்.

பல் கிளினிக்கின் வரவேற்பு மேஜையில் வேலை பார்ப்பவள் அப்போதுதான் மாடியேறி வந்தாள். மகனைப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு அரக்கப்பரக்க ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. கைப்பையைக்கூட இன்னும் வைக்கவில்லை, அதற்குள் அர்ச்சனை ஆரம்பம்.

மேஜைக்குப் பின்னால் நின்று டாக்டர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். "பழைய மெஷின் சார். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். யாரை எப்போ வரச் சொன்னேங்கிறதெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். திரை பளிச்சென்று திறந்துகொண்டது.

"பார்த்தீங்களா, இவங்க கைராசி!" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

தினமும் இதே கூத்துதான். அவள் வரும்வரை படுத்துக் கிடக்கும் மெஷின், அவள் கை பட்டதும் எழுந்து உட்காரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் பெருமை சோறு போடுமா? எதிர்ச் சாரியில் புதிதாக ஒரு பல் கிளினிக் திறந்திருக்கிறார்கள். இப்படியே காக்க வைத்தால் இருக்கிற நாலு பேரும் அங்கே போய்விடுவார்கள். அப்புறம் டாக்டருக்கு ஏது வேலை, அவளுக்கு ஏது சம்பளம்?

கம்ப்யூட்டர் கடைக்காரர் பல் அடைக்க வந்தபோது அவரிடமே கேட்டுவிட்டாள்.

"ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாத்திடுங்கம்மா. வேற ஒண்ணு இருக்கு, இலவசம்தான். பழைய மெஷின்லகூட கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள திறக்கும். நானே வந்து போட்டுத் தர்றேன்."

கையோடு டாக்டரிடம் போய் நின்றாள்.

"வேண்டாம்மா. எனக்கு இதுவே பழகிடுச்சு."

"காசே ஆகாதாம் டாக்டர்."

"காசுக்காகச் சொல்லலை."

"நம்ம ஃபைல் எல்லாம் அப்படியே இருக்குமாம்."

"இருக்கட்டும். யோசிக்கலாம்."

யோசிக்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். அது அவளுக்குத் தெரியாதா? வடிகட்டின கஞ்சன் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்கிற மனுஷனை என்னவென்று சொல்வது? பல் பிடுங்குவதற்கு மட்டும் பட்டன் வைத்த புது நாற்காலி வாங்கத் தெரிகிறது.

அவளும் விடுகிற ஆள் இல்லை. மறுநாள் காலையில் கிளினிக் திறக்கும்போதே வந்து டாக்டரிடம் நேரில் பேசும்படி கடைக்காரரிடம் சொல்லிவைத்தாள். தானும் கூட இருக்க வேண்டுமே.

"நாளைக்கு ஒரு நாள் நீ பையனை ஸ்கூல்ல விட்டுடுடா" என்று தம்பியைக் கெஞ்சிச் சம்மதிக்க வைத்தாள்.

காலையில் நிதானமாக மாடியேறினாள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே கடைக்காரர் குரல்.

"என்ன டாக்டர், ஸ்விட்சைப் போட்டு ரெண்டே நிமிஷத்துல திறந்துடுச்சு! இதையா மெதுவா இருக்குன்னு சொன்னாங்க?"

"மெதுவாப் பேசுங்க. முதல்ல அதை அணைங்க."

"எதுக்கு அணைக்கணும்?"

"யாராவது வந்து பார்த்துடப் போறாங்க. இந்த ஜன்னல்ல நின்னா தெருமுனை தெரியும். நம்ம பொண்ணு தலை அங்க தெரிஞ்ச பிறகுதான் நான் ஸ்விட்சையே போடுவேன்."

அவள் கால் படியிலேயே நின்றுவிட்டது.

"பள்ளிக்கூடம் கேட் திறக்கிற நேரமும் நாம கதவு திறக்கிற நேரமும் ஒண்ணு" என்றார் டாக்டர். "பிள்ளையை விட்டுட்டு அந்தப் பொண்ணு பறந்தா வர முடியும்? அது லேட்டுன்னு சொன்னா வர்றவங்க எல்லாம் அதைத் திட்டுவாங்க. மெஷின் லேட்டுன்னு சொன்னா, கஞ்சன்னு என்னைத் திட்டுவாங்க. எனக்கு அது ஒண்ணும் பெரிசில்லை. நீங்க பாட்டுக்குக் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள திறக்கிற மாதிரி பண்ணிட்டுப் போயிட்டா, நாளையிலிருந்து நான் எந்தப் பொய்யைச் சொல்றது?"

உள்ளே கடைக்காரர் ஸ்விட்சை அணைக்கிற சத்தம் கேட்டது.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கைராசியாம், கைராசி! கூடவே சிரிப்பும் வந்தது. எத்தனை நாள் மனசுக்குள் இந்த மனுஷனைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

சத்தம் போடாமல் படியிறங்கினாள். ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரியாதபடி சுவரோரமாகவே நடந்து, தெருமுனை தாண்டிப் போய் நின்றாள். அவள் வழக்கமாக வருகிற நேரம் ஆனதும் அரக்கப்பரக்க ஓடிவந்தாள்.

மாடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. பேங்க் ஆபீசருக்குக் கன்னத்து வீக்கம் வடிந்திருந்தது, குரல்தான் வடியவில்லை. டாக்டர் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அவள் உட்கார்ந்தாள். திரை திறந்தது.

"நான் நல்லாப் பார்த்துட்டேம்மா" என்றார் கடைக்காரர், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. "உங்க மெஷினுக்குப் புது சிஸ்டம் ஒத்துவராது."

"அப்போ காலம் முழுக்க நாங்க இப்படியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?" என்று பேங்க் ஆபீசர் எகிறினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். பழைய மெஷின்" என்றாள் அவள், டாக்டர் பக்கம் திரும்பாமலே. "என் கை பட்டாத்தான் திறக்கும்."