அடுத்த வீட்டு வைஃபை

"நல்லா ஓடிக்கிட்டிருக்கிறதை எதுக்கும்மா கழட்டணும்?"

லாரிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர்காரம்மாவின் கைகளையே பார்த்தபடி உட்கார்ந்தார். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஆள் இல்லை. கண்ணை எடுத்தால் நல்ல சாமானை உருவிக்கொண்டு பழசை மாட்டிவிடுவார்கள். மகளே சொல்லி அனுப்பிய ஆள் என்றாலும் ஆள் ஆள்தான்.

"எங்க ஐயா நல்லா ஓடுது? போன தடவை பொண்ணு பேசும்போது முகம் பாதியில அப்படியே நின்னுடுச்சாமே."

அது உண்மைதான். மகள் கப்பலில் இன்ஜினியர். கப்பல் கரையைத் தொடும் நாளில்தான் முகம் பார்த்துப் பேச முடியும். இன்றைக்கு நாலு மணிக்குக் கூப்பிடுவாள். விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு நாற்பது நாள்.

மணி மூன்று நாற்பது.

"இது சின்ன மெஷின் ஐயா. வைஃபை பிடிக்கிறதுக்குன்னு இதுல இருக்கிற சாஃப்ட்வேர் ரொம்பப் பெருசு. மெமரியைத் தின்னுக்கிட்டே இருக்கு. அதை எடுத்துட்டு லேசா ஒண்ணு போடுறேன். அதே வேலையைச் செய்யும்."

"அதே வேலையைச் செய்யுறது எப்படிம்மா லேசா இருக்கும்? எதையோ உருவித்தானே லேசாக்கியிருப்பான்?"

"மொபெட்டுக்கு எதுக்கு ஐயா லாரி இன்ஜின்?"

அது அவருக்குப் புரிந்தது. சந்தேகம் மட்டும் போகவில்லை. "சரி, கழட்டுனதை என் கண்ணு முன்னாடி வை."

சமையலறையிலிருந்து மனைவி சிரித்தாள். "சாஃப்ட்வேரை என்ன தட்டுலயா எடுத்து வைப்பாங்க? சும்மா இருங்க."

திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. கூட்டமாக நின்ற பொத்தான்கள் எல்லாம் போய் ஒரே ஒரு சின்னப் பட்டியல் வந்தது. தன்னையும் அறியாமல் லாரிக்காரர் முன்னால் குனிந்தார்.

"அட, சுத்தமாத்தான் இருக்கு. இது என்ன வரிசை?"

"சுத்தி இருக்கிற வைஃபை எல்லாம். உங்களுது எது?"

மூன்றாவதைக் காட்டினார்.

"பாஸ்வேர்டு சொல்லுங்க."

"ஒரு நாளும் கேட்டதில்லையே?"

"பழசு ஞாபகம் வெச்சிருந்துச்சு. அதோட அதுவும் போச்சு. யார் வைஃபையோ அவங்களைக் கேளுங்க."

லாரிக்காரரின் முகம் தொங்கிப்போனது. அது அவருடைய வைஃபையே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தம்பியுடையது. இரவல் கொடுத்த ஏணி ஒரு படி உடைந்து திரும்பி வந்ததிலிருந்து, நாலு வருஷமாக இரண்டு பேருக்கும் பேச்சில்லை. கப்பலுக்குக் கிளம்பும்போது மகள்தான் மெஷினில் ஏதோ தட்டிவிட்டு, "சித்தப்பா வீட்டு வைஃபை கிடைக்குதுப்பா. மூச்சு விடாதீங்க" என்றாள். அவரும் விடவில்லை.

"நீ போய்க் கேட்டுட்டு வாயேன்" என்றார் மனைவியிடம்.

"நான் எதுக்கு? உங்க தம்பியாச்சு, நீங்களாச்சு. மணி மூணு அம்பது."

செருப்பைக்கூட மாட்டாமல் போனார். கதவைத் திறந்த தம்பி, ஆளைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

"வைஃபை பாஸ்வேர்டு என்னடா?"

"எந்த வைஃபை?"

"உன் வைஃபைதாண்டா! இத்தனை நாளும் திருடினேன், போதுமா? புள்ள கூப்பிடப் போகுது. சொல்லித் தொலை."

தம்பி திருதிருவென்று விழித்தான். "அண்ணே, அது உங்களுது இல்லையா? நான்ல நாலு வருஷமா உங்களுதைத் திருடிக்கிட்டிருக்கேன்!"

"எவன்டா சொன்னது?"

"உங்க பொண்ணுதான் வந்து போட்டுக் குடுத்துச்சு. அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க சித்தப்பான்னு."

லாரிக்காரர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். இவனும் போடவில்லை, நானும் போடவில்லை. பிறகு அது எங்கிருந்து வருகிறது?

"வாடா, நீயே வந்து பாரு" என்று தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்குள் மெஷினைச் சுற்றி நாலு நாற்காலிகள் போட்டிருந்தன. ஒன்றில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். பின்வாசல் வழியாக வந்திருக்க வேண்டும்.

"வந்துட்டாங்க. இனிமே போடும்மா" என்றாள் லாரிக்காரரின் மனைவி.

கம்ப்யூட்டர்காரம்மா யாரையும் எதையும் கேட்காமல் பாஸ்வேர்டைத் தட்டினாள்.

சரியாக நாலு மணிக்குத் திரையில் மகள் வந்தாள். முகம் எங்கேயும் நிற்கவில்லை.

"மாசாமாசம் நான் காசு கட்டுற வைஃபையை ரெண்டு பேருமா சேர்ந்து நல்லாவே திருடினீங்க" என்று சிரித்தாள். "சித்தப்பா, நிக்காதீங்க, அப்பா பக்கத்துல உக்காருங்க."