பைக் ரிப்பேர்

இணைய வகுப்புகளைச் சரிபார்த்து அனுமதிக்கும் வேலை அவளுக்கு. காலையிலிருந்து நாற்பது வகுப்புகளைப் பார்த்துக் கண் எரிந்தது. பிரிவை மாற்றச் சொல்லி மூன்று முறை திருப்பி அனுப்பிய ஒரு வகுப்பு, மாறாமல் நான்காவது முறையாக வந்து நின்றது. அலுத்துப்போய், அனுப்பியவரையே போனில் கூப்பிட்டாள்.

"அம்மா, சோறு வடிக்கிறது, முட்டை அவிக்கிறது, துணி துவைக்கிறதுன்னு பன்னிரண்டு பாடம் நல்லா எடுத்திருக்கீங்க. அதைக் கொண்டுபோய் பைக் ரிப்பேர் பிரிவுல போட்டிருக்கீங்களே?"

"தெரிஞ்சுதாம்மா போட்டேன்."

"சமையல் பிரிவுல போட்டா ஆயிரம் பேர் பார்ப்பாங்க. இங்க யாரும் சேர மாட்டாங்க."

"ஒருத்தர் சேர்ந்தா போதும். என் வீட்டுக்காரர் மெக்கானிக். பொழுது விடிஞ்சா அந்தப் பிரிவுல புதுசா என்ன வந்திருக்குன்னுதான் பார்ப்பார். சமையல்னா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. "ஒரே வீட்டுல இருக்கீங்க. நேர்லயே சொல்லிக் கொடுத்துடலாமேம்மா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"இருபத்தாறு வருஷம் சொல்லிப் பார்த்தாச்சு. வர்ற திங்கட்கிழமை அவரை விட்டுட்டுக் கிளம்புறேன். அவருக்கு இன்னும் தெரியாது. அவரோட குப்பை கொட்டினது போதும்னு ஆயிடுச்சும்மா. ஆனா, பட்டினி போட்டுட்டுப் போக மனசு வரல."

அவள் திரையில் அந்த வகுப்பைத் திறந்தாள்.

"சரிம்மா. இன்னிக்கே வெளியிட்டுடறேன்" என்றாள். திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது.