குழலுக்கு வைத்த சந்தனம்

குட்டி விமானம் ஒன்றின் இறக்கைக்கு அடியில் மெல்லிய குழல் ஒன்று இருந்தது. ஓடும்போது காற்றை மூக்கில் வாங்கி, எவ்வளவு வேகம் என்று ஓட்டுகிற முதலாளிக்குக் காட்டுவதுதான் அதன் வேலை.

ஆயுத பூஜையன்று முதலாளி விமானம் முழுக்கச் சந்தனம் அப்பினார். குழலின் மூக்கும் அடைத்துப்போனது. மறுநாள் அவர் ஏறி உட்கார்ந்ததும், அவர் உயிர் தன் மூக்கில் அல்லவா இருக்கிறது என்று குழல் பதறியது.

“சக்கரத்தக்கா, என்னால மூச்சு வாங்க முடியலை. ஓடாதீங்க.”

“கிளம்புற நேரத்துல அபசகுனமா பேசாதடி. போய்ட்டு வந்து சொல்லு.”

குழல் அடங்கிப்போனது.

விமானம் ஓடியது. காற்று முட்டி முட்டிப் பார்த்தும் உள்ளே நுழைய முடியவில்லை. ஓடுபாதை முடியப்போகிறது, வேகம் காட்டும் முள் அசையவே இல்லை. அப்போதுதான் அதைக் கவனித்த முதலாளி பிரேக்கை மிதித்தார். விமானம் வேலியைப் பிய்த்துக்கொண்டு போய்ச் சோளக்காட்டில் குத்தி நின்றது.

“கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கழன்று கிடந்த சக்கரம் முனகியது.

குழல் பதில் சொல்வதற்குள் முதலாளி இறங்கி வந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. குழலில் காய்ந்திருந்த சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“தாயே, நீதான் காப்பாத்தின,” என்றார்.