இன்னொரு பாலம்

"பாலம் கட்டினீங்களா, இல்ல உங்க வீட்டைக் கட்டினீங்களா?"

விசாரணை அதிகாரி இப்படிக் கேட்டதும் பொறியாளரம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை. இதையே பால்காரர் கேட்டாயிற்று. சொந்த நாத்தனாரும் சிரித்துக்கொண்டே கேட்டாயிற்று. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போயிருந்தது.

ரயில் தண்டவாளத்துக்கு மேலே ஒரு பாலம். சொன்ன செலவைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது. பேப்பரில் வந்து ஊரே நாறிவிட்டது.

"வாடகை வீட்டுலதான் இருக்கேன் சார்."

"எல்லாரும் பாடற பாட்டுதான். அடுத்து விலைவாசி ஏறிடுச்சும்பீங்க."

"கொஞ்சம் ஏறிச்சு. ஆனா காரணம் அது இல்ல. முதல்லயே கம்மியாத்தான் போட்டேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நிதிப் பிரிவில் பழம் தின்று கொட்டை போட்டவர். அவர் கையெழுத்து இல்லாமல் அந்த அலுவலகத்தில் ஒரு செங்கல் நகராது.

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். அங்க அடியில வெறும் களிமண்ணு. தூணை ரொம்ப ஆழமா இறக்கணும். அந்தச் செலவை எழுதவே இல்ல."

"நீங்களா விட்டீங்களா? யாராவது விடச் சொன்னாங்களா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். காலையில் கணவர் வாசல் வரைக்கும் வந்து கெஞ்சியிருந்தார். "அந்த ஆளு பேரைச் சொல்லிடு. ரிட்டயர் ஆகற நேரத்துல ஊருக்காக நீ ஏன் தலையைக் கொடுக்கணும்?"

"சொல்லுங்கம்மா. அவன் எவ்வளவு பெரிய கொம்பனா இருந்தாலும் நான் விடமாட்டேன்."

"ஞாபகம் இல்ல சார். நானேதான் குறைச்சேன்னு எழுதிக்குங்க."

"ஏன் அப்படிப் பண்ணினீங்க?"

"உள்ளதைச் சொல்லியிருந்தா பாலமே வந்திருக்காது. பிள்ளைங்க தண்டவாளத்துல இறங்கித்தான் பள்ளிக்கூடம் போகும். நான் அளவெடுக்கப் போன அன்னிக்கு ஒரு பொண்ணு ரயில்ல மாட்டிக்கிச்சு சார். அதோட புத்தகப்பையை நான்தான் பொறுக்கி எடுத்தேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மனசு புரியுது. ஆனா பொய் பொய்தானே? மக்களோட வரிப்பணம். உங்க பதவி உயர்வை நிறுத்தச் சொல்லித்தான் எழுதியாகணும். தப்பா நினைச்சுக்காதீங்க."

"பரவாயில்ல சார்."

காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். எழுந்தவள், போகாமல் நின்றாள்.

"இன்னும் என்னம்மா?"

"அடுத்த ரயில்வே கேட்டுக்கும் ஒரு பாலம் கேட்டிருக்கோம். அந்த ஃபைல் உங்க மேஜையிலதான் இருக்காம். இந்தத் தடவை மண்ணு, தூணு, எல்லாத்தையும் உள்ளபடி போட்டிருக்கேன்."

"அப்படி வாங்க வழிக்கு!"

சந்தோஷமாகவே அடுக்கிலிருந்து ஃபைலை உருவினார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். முகம் சுருங்கியது.

"அடேயப்பா! இவ்வளவா? இதை மேல கொண்டு போனா என்னைக் கடிச்சுக் குதறிடுவாங்க. தூணு கீணெல்லாம் வேலை ஆரம்பிச்ச அப்புறம் பாத்துக்கலாம். இப்போதைக்குப் பாதியாக் குறைச்சுக் கொண்டாங்கம்மா, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடறேன்."

அவள் ஃபைலை வாங்கிக்கொண்டாள். அந்தக் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் அரசுப் பள்ளிக்கூடம்.

"சரிங்க சார். நாளைக்கே குறைச்சுக் கொண்டாரேன்."

போன பாலத்துக்கும் அவர் இதையேதான் சொன்னார். அவருக்குத்தான் ஞாபகம் இல்லை.